முதலாண்டு உடற்கூறியல்: எந்தப் புத்தகம் எனக்கு எப்போது உதவியது

அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றில் முதலாண்டு எம்.பி.பி.எஸ். சேர்ந்தபோது, விடுதியில் சீனியர் அண்ணன்மார் அனைவரும் சௌராசியாவின் உடற்கூறியல் நூலை வாங்கு என்றே சொன்னார்கள், வாங்கினேன். விடைத்தாளில் எழுத வேண்டியவற்றைச் சிறு தலைப்புகளாகப் பிரித்து, யாரும் பார்த்து வரையக்கூடிய எளிய படங்களுடன் தரும் அந்நூலை இன்றும் மதிக்கிறேன். அதை மட்டுமே நம்பி, உடலை அறுத்துப் படிக்கும் டிசெக்‌ஷன் ஹாலுக்குள் நுழைந்ததுதான் என் பிழை.

முதல் வைவாவில் (வாய்மொழித் தேர்வில்), கைக்குச் செல்லும் நரம்புப் பின்னலான பிரேக்கியல் பிளெக்சஸின் கிளைகளைத் தடையின்றி ஒப்பித்தேன். பொறுமையாகக் கேட்ட பேராசிரியர், ஃபோர்செப்ஸை என் கையில் கொடுத்து, "மீடியன் நரம்பைப் பிடித்துக் காட்டுங்கள்" என்றார். புத்தகப் படத்தில் தமனி சிவப்பு, சிரை நீலம், நரம்பு மஞ்சள். உடலைக் கெடாமல் வைக்கும் ஃபார்மலினில் ஊறிய அக்குளுக்குள் எல்லாமே ஒரே பழுப்பு. நான் பிடித்தது அல்நார் நரம்பு.

அன்று மாலையே நூலகத்தில் கன்னிங்ஹாமின் செய்முறைக் கையேட்டில், கைகால்களுக்குரிய முதல் தொகுதியை எடுத்தேன். எங்கே கீற வேண்டும், எதை விலக்கினால் எது தெரியும் என்று கையைப் பிடித்து நடத்தும் நூல் அது. மறுநாள் அதை மேசையருகே விரித்துவைத்து, கோரக்கோபிரேக்கியாலிஸ் தசையைத் துளைத்துச் செல்லும் மஸ்குலோகியூட்டேனியஸ் நரம்பை முதலில் கண்டுபிடித்து, அதன் வழியே மேலேறிப் பக்கவாட்டு நாணை (பிளெக்சஸின் ஒரு நரம்புக் கற்றையை) அடைந்து, அதிலிருந்து இறங்கும் மற்றொரு வேர் மறுபுறத்து வேருடன் தமனிக்கு முன்னே கூடுமிடத்தை விரலால் தொட்டேன். அதுவே மீடியன். மஸ்குலோகியூட்டேனியஸ், அல்நார் ஆகிய இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஆங்கில எம் எழுத்து அப்படியே தெரிந்தது.

நெட்டரின் உடற்கூறியல் பட நூலான அட்லஸை, அறுத்துப் பார்த்த பகுதியை இரவில் மீண்டும் நினைவூட்டிக்கொள்ளவே பயன்படுத்தினேன். அறுக்காத பகுதிக்கு அதைப் பார்த்தபோது படம்தான் நினைவில் நின்றது, உடல் நிற்கவில்லை. கிரேயின் முழுமையான உடற்கூறியல் பெருநூலை முதலாண்டில் விலை கொடுத்து வாங்கத் தேவையில்லை, ஐயம் வரும்போது நூலகத்தில் புரட்டினால் போதும் என்பது என் கருத்து. 1858-இல் வெளிவந்த அதன் முதற்பதிப்புக்குப் படம் வரைந்த ஹென்றி வான்டைக் கார்ட்டர், பின்னர் பம்பாய் கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் பேராசிரியராக இருந்தவர் என்று அறிந்தபின் அந்தப் படங்கள் எனக்கு இன்னும் நெருக்கமாயின.

மற்றொரு மாணவரின் அனுபவம்:

நான் கரு வளர்ச்சியை விளக்கும் கருவியல் புத்தகத்தைத் தனியாக வாங்காமல் பாதி ஆண்டைக் கழித்தேன். குரல்வளைக்குத் திரும்பிச் செல்லும் ரெக்கரன்ட் நரம்பு, இடப்புறம் பெருந்தமனி வளைவின் கீழும் வலப்புறம் சப்கிளேவியன் தமனியின் கீழும் வளைவது ஏன் என்று புரியாமலே மனப்பாடம் செய்துவந்தேன். அக்கா ஒருவர் தந்த இந்தர்பீர் சிங்கின் நூலில் அதற்கு விடை இருந்தது: கருவில் உருவாகும் ஆறாம் வளைவுத் தமனியின் வெளிப்பகுதி வலப்புறம் மறைந்துவிடுவதால் நரம்பு மேலேறிச் சப்கிளேவியன் தமனியின் கீழ் வளைகிறது, இடப்புறம் மட்டும் அது டக்டஸ் ஆர்ட்டீரியோசஸ் என்ற குழாயாக நிலைத்து நரம்பை மார்புக்குள்ளேயே பிடித்துவைக்கிறது. அந்தப் பக்கத்தைப் படித்தபின் அதை நான் மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கவில்லை.