பெட்டி எடுக்கும் முன் கியூபச் சுருட்டை எத்தனை பிடித்துப் பார்க்க வேண்டும்?

இலைநரம்பு:

வணக்கம். 25 சுருட்டு கொண்ட ஒரு பெட்டி வாங்கலாம் என்று இருக்கிறேன். கடைசியில் மூன்றில் வந்து நிற்கிறது: பர்தகாஸ் சீரி டி நம்பர் 4, ஹோயோ டி மான்டெரே எபிக்யூர் நம்பர் 2, ரமோன் அயோனெஸ் ஸ்பெஷலி செலக்டட். மூன்றும் ரோபுஸ்டோ (குட்டையாகத் தடித்த வடிவம்), ரிங் கேஜ் (தடிமன் அளவு) 50, நீளம் 124 மி.மீ.

மூன்றிலும் ஒவ்வொன்று ஒற்றையாக வாங்கிப் பிடித்தாயிற்று. பர்தகாஸில் இழுவையே வரவில்லை, இரண்டு தடவை அணைந்தது. எபிக்யூர் சுகமாகப் போனது, ஆனால் கொஞ்சம் சப்பென்று இருந்தது. ரமோனில் முதல் பாதி பிரமாதம், கடைசியில் கசந்துவிட்டது. எல்லாம் கடையில் எடுத்த அன்றே பற்றவைத்தவை.

இதை வைத்து ரமோன் பெட்டி எடுத்துவிடலாமா? இல்லை, இன்னும் எத்தனை பிடித்தால் ஒரு நம்பிக்கை வரும்? விலை குறைவு என்பதால் அதே பிராண்டின் மினியையோ சின்ன அளவையோ பிடித்துப் பார்த்துவிட்டு ரோபுஸ்டோ பெட்டியை முடிவு செய்யலாமா?

---

சாம்பல்நுனி:

இப்போதைக்கு எதையும் முடிவு செய்யாதீர்கள். நீங்கள் சொன்ன குறைகளில் ஒன்றுகூட அந்த வகையின் குணம் என்று சொல்ல முடியாதவை. இழுவை வராதது சுருட்டிய கையின் கோளாறாக இருக்கலாம். அணைவது பெரும்பாலும் ஈரம். கடைசியில் கசப்பது வேகமாக இழுத்தாலே வரும். சுவை என்று உண்மையில் உங்களுக்குத் தெரியவந்தது எபிக்யூர் மென்மையானது என்ற ஒன்றுதான். அது சரி. ஹோயோ இயல்பிலேயே மிருதுவான பிராண்டு. பர்தகாஸும் ரமோனும் காரம் கூடியவை.

ஒரு சுருட்டை வைத்து ஏன் சொல்ல முடியாது என்பதற்கு அதன் அடிப்பக்கத்தைப் பாருங்கள். பற்றவைக்கும் நுனியில் இலைகள் விசிறி மடிப்பு போல ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரியும். மடிப்புகளுக்கு நடுவே இருக்கும் சின்னச் சின்ன இடைவெளிகள்தான் புகை வரும் வழி. உள்ளே இருப்பவை மூன்று வகை இலை: எரிவதற்கு வோலாடோ, மணத்துக்கு செகோ, காரத்துக்கு லிஹேரோ. லிஹேரோ தடித்த இலை, மெதுவாக எரியும், அதனால் நட்ட நடுவில் இருக்க வேண்டும். அது ஓரத்துக்குப் போனால் ஒரு பக்கம் எரியாமல் பின்தங்கும். சுருட்டும்போது ஒரு இலை முறுக்கிக்கொண்டால் அந்த இடத்தில் அடைப்பு. இவை எல்லாம் அந்த ஒரு சுருட்டோடு போகிற சங்கதிகள். பக்கத்துச் சுருட்டில் இருக்க வேண்டும் என்பதில்லை.

ஆகவே வகைக்கு மூன்று. இரண்டு ஒரே பெட்டியிலிருந்து, மூன்றாவது வேறு தேதியிட்ட பெட்டியிலிருந்து. ஒற்றையாக வாங்கும்போது கடைக்காரரிடம் பெட்டியைத் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். அடியில் மூன்றெழுத்துக் குறியும் அதற்குக் கீழே மாதமும் ஆண்டும் முத்திரையாக இருக்கும். மாதம் ஸ்பானிய மொழியில் முதல் மூன்று எழுத்து: எனேரோ என்றால் ஜனவரி, அகோஸ்தோ என்றால் ஆகஸ்ட், டிசியெம்ப்ரே என்றால் டிசம்பர். அது பெட்டியில் அடைத்த தேதி. சுருட்டிய தேதி அல்ல. குறியையும் தேதியையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி சுருட்டோடு வையுங்கள். இதைச் செய்யாமல் எத்தனை பிடித்தாலும் பிறகு எந்தப் பெட்டியைக் கேட்பது என்று தெரியாது.

பொறுக்கும்போது அடியிலிருந்து தலை (வாயில் வைக்கும் நுனி) வரை இரண்டு விரலால் லேசாக அழுத்திக்கொண்டே வாருங்கள். ஒரே சீராக விட்டுக்கொடுக்க வேண்டும். நடுவில் கட்டிபோல் ஓர் இடம் தட்டினால் அங்கே அடைப்பு இருக்கலாம். ஓரிடம் பொதபொதவென்று இருந்தால் அங்கே உள்ளிலை போதவில்லை. அது சூடேறி எரியும். மேலிலையில் ஊசி குத்தினாற்போல் துளையும் கீழே நுண்ணிய பொடியும் இருந்தால் புகையிலை வண்டு. அந்தப் பெட்டியிலிருந்து எதையும் எடுக்காதீர்கள்.

பிடிக்கும் முறையும் மூன்றுக்கும் ஒன்றாக இருக்கட்டும். சாப்பிட்ட பிறகு, ஒரே நேரத்தில், கூடக் குடிக்கத் தண்ணீர் மட்டும். தலையில் தொப்பிபோல் ஒட்டிய இலைத்துண்டில் 2 மி.மீ. மட்டும் வெட்டுங்கள், தோள் வளைவைத் தாண்டினால் மேலிலை பிரிந்து வரும். பற்றவைக்கும் முன் வெறுமனே இழுத்துப் பாருங்கள். ஒரு ஸ்ட்ராவை லேசாக நசுக்கிப் பிடித்து உறிஞ்சினால் எவ்வளவு தடை இருக்குமோ அவ்வளவு இருந்தால் சரி. பியூட்டேன் லைட்டர் அல்லது நீளத் தீக்குச்சி. பெட்ரோல் லைட்டர் வேண்டாம், வாடை இலையில் ஏறும். ஜுவாலை தொடாமல் சற்றுத் தள்ளி, சுருட்டைச் சுற்றிக்கொண்டே விளிம்பு முழுக்கக் கனலும்வரை காட்டுங்கள். பிறகு நிமிடத்துக்கு ஒரு இழுப்பு.

ஒரு ரோபுஸ்டோ 40 நிமிடத்துக்குள் முடிந்துவிட்டால் அவசரப்பட்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம். உங்கள் ரமோன் கசந்ததற்கு முதல் சந்தேகம் அதுதான். அடுத்த தடவை கசப்பு தட்டியதும், உள்ளே இழுக்காமல் சுருட்டு வழியாக மெதுவாக ஒரு முறை வெளியே ஊதுங்கள். தேங்கிய புகை போய்விடும். அதன்பின் இனிமை திரும்பினால் இலையில் குற்றமில்லை.

ஒரே நாளில் மூன்றையும் ஒப்பிட வேண்டாம். இரண்டாவதிலேயே நாக்கு மரத்துவிடும். உள்ளே இழுக்காவிட்டாலும் நிகோடின் வாய் வழியாக ஏறும். தலைசுற்றல், வியர்வை, குமட்டல் வரும். வாய், தொண்டைப் புற்றுநோய் ஆபத்தும் உள்ளே இழுக்காததால் நீங்கிவிடுவதில்லை. ஒப்பீட்டுக்கு நடுவே நாள் விட்டால் நாக்குக்கும் நல்லது, உடம்புக்கும் நல்லது.

---

மூன்றாம்பாகம்:

சாம்பல்நுனி சொன்னதோடு ஒத்துப்போகிறேன். சின்ன அளவு பற்றிய கேள்வி விடுபட்டிருக்கிறது, அதை மட்டும் சொல்கிறேன்.

மினி, கிளப் என்று பிராண்டு பெயரோடு வருபவை இயந்திரத்தில் செய்தவை. உள்ளே நறுக்கிய இலை. அதிலிருந்து ரோபுஸ்டோவைப் பற்றி ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது. பணம் வீண்.

கையால் சுருட்டிய சின்ன அளவுகள் வேறு. அதிலும் ரிங் கேஜ் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு ரிங் என்பது அங்குலத்தில் 64-ல் ஒரு பங்கு. 50 என்றால் சுமார் 19.8 மி.மீ., 42 என்றால் சுமார் 16.7 மி.மீ. தடிமன் குறையக் குறைய உள்ளிலையோடு ஒப்பிட்டால் மேலிலையின் பங்கு ஏறும். 50-லிருந்து 42-க்கு வந்தால் அது ஐந்தில் ஒரு பங்கு கூடுகிறது. கலவையும் தடிமனுக்கு ஏற்ப மாறும். அதனால் பர்தகாஸ் ஷார்ட்ஸோ (42, 110 மி.மீ.) ரமோன் ஸ்மால் கிளப் கரோனாஸோ (அதே அளவு) பிடித்துவிட்டு ரோபுஸ்டோ பெட்டி எடுத்தால் வேறொரு சுருட்டைத்தான் வாங்கியிருப்பீர்கள். இரண்டுமே அருமையானவை, அது தனி விஷயம்.

தடிமன் மாறாமல் நீளம் மட்டும் குறைந்தவை ஓரளவு உதவும். ஹோயோவின் பெட்டிட் ரோபுஸ்டோஸ் 50, 102 மி.மீ. பர்தகாஸ் சீரி டி நம்பர் 6 அதே 50, 90 மி.மீ. எபிக்யூரின் மென்மை எனக்குப் போதுமா, பர்தகாஸின் காரம் எனக்குத் தாங்குமா என்ற அளவுக்கு இவை பதில் சொல்லும். நீளமான ரோபுஸ்டோவில் நடுப்பகுதிக்குப் பிறகு சுவை மாறிவரும் அந்தக் கட்டம் இவற்றில் அவ்வளவாகக் கிடைக்காது.

இன்னொரு வழி: கியூபச் சுருட்டுகளை விற்கும் ஹபானோஸ் நிறுவனமே ஐந்து பிராண்டின் ரோபுஸ்டோக்களில் ஒவ்வொன்று வைத்துத் தொகுப்புப் பெட்டி போட்டதுண்டு. எந்த பிராண்டு பக்கம் போவது என்று தெரியாதவர்களுக்கு நல்ல தொடக்கம். நீங்கள் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டீர்கள்.

---

இலைநரம்பு:

இருவருக்கும் நன்றி. பர்தகாஸ் விஷயத்தில் ஒரு சந்தேகம். கடையின் ஹ்யூமிடரில் (சுருட்டை ஈரப்பதத்தோடு வைக்கும் பெட்டி) ஈரமானி 72 சதவீதம் காட்டியது. இறுக்கத்துக்கு அதுவும் காரணமாக இருக்குமா? வீட்டில் ஹ்யூமிடர் இல்லை. ஆறேழு சுருட்டுக்காக ஒன்று வாங்கத்தான் வேண்டுமா?

---

ஈரப்பதம்65:

இருக்கும். இலை ஈரத்தைக் குடித்தால் உப்பும். மடிப்புகளுக்கு நடுவே இருந்த இடைவெளி சுருங்கும். 72-ல் இருந்து எடுத்த அன்றே பற்றவைத்தால் கியூபச் சுருட்டு இறுகும், அணையும், சுரங்கம்போல உள்ளே மட்டும் எரியும், புளிப்பு தட்டும். கியூபச் சுருட்டுக்கு 62 முதல் 65 சதவீதம்தான் பலரும் விரும்பும் இடம்.

ஹ்யூமிடர் வேண்டாம். காற்றுப் புகாத, ரப்பர் விளிம்பு வைத்த பிளாஸ்டிக் டப்பா போதும். கழுவி, வாடை போகக் காயவைத்து, உள்ளே 65 சதவீத ஈரப்பத பாக்கெட் ஒன்று (60 கிராம் பாக்கெட் 25 சுருட்டு வரை தாங்கும்), ஒரு சின்ன டிஜிட்டல் ஈரமானி. ஈரமானியை அப்படியே நம்பாதீர்கள். ஒரு பாட்டில் மூடியில் சமையல் உப்பைப் போட்டு, கரையாமல் ஈரமணல்போல் ஆகும் அளவுக்கு சில சொட்டு தண்ணீர் விட்டு, ஈரமானியோடு ஒரு மூடிய பைக்குள் எட்டு மணி நேரமாவது வையுங்கள். 75 காட்ட வேண்டும். 71 காட்டினால் உங்கள் கருவி 4 குறைத்துச் சொல்கிறது.

டப்பாவில் மூன்று வாரம் வையுங்கள், வாரம் ஒருமுறை திறந்து மூடினால் போதும். அவசரம் என்றால் பற்றவைக்கும் முன் இரண்டு நாள் 62 பாக்கெட்டோடு தனி டப்பாவில். வெயில் படாத இடம், 16 முதல் 18 டிகிரி செல்சியஸ் இருந்தால் மிக நல்லது. 24-ஐத் தாண்டினால் இலையில் வண்டு முட்டை இருந்து பொரிக்க வாய்ப்பு உண்டு. எங்கிருந்து வந்தது என்று தெரியாத சுருட்டுக்கு உறைவிக்கும் முறை: காற்று எடுத்த இரட்டைப் பையில் போட்டு ஒரு நாள் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டு, மூன்று நாள் ஃப்ரீசர், மறுபடி ஒரு நாள் கீழ்த்தட்டு, பிறகுதான் வெளியே. படிகளைத் தாண்டினால் மேலிலை வெடிக்கும்.

மூன்று வாரம் ஆன பிறகும் அடியை முகர்ந்தால் அம்மோனியா மூக்கில் ஏறுகிறது, புகையில் உலோகச் சுவை இருக்கிறது என்றால் அந்தப் பெட்டி இளசு. நொதிப்பின் மிச்சம் இன்னும் வெளியேறவில்லை. அதை வைத்து வகையை ஒதுக்கிவிடாதீர்கள். குறைந்தது ஒரு வருடம் முந்தைய தேதியிட்ட பெட்டியிலிருந்து ஒன்று பிடித்துப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

---

பெட்டிக்குறி:

பிடித்துப் பார்த்து முடிவு செய்தபின் தவறான பெட்டியை வாங்குகிறவர்கள் நிறைய. அதனால் அந்தப் பக்கம்.

பெட்டியின் இடப்பக்கத்தில் பச்சையும் வெள்ளையுமான உத்தரவாத முத்திரைத் தாள் இருக்க வேண்டும், அதில் வரிசை எண், பார்கோடு, ஹாலோகிராம். அந்த எண்ணை ஹபானோஸ் தளத்தில் சரிபார்க்கலாம். ஆனால் நிஜ எண்ணையே நகலெடுப்பவர்களும் உண்டு. எண் சரி என்பது ஒரு படி, அவ்வளவே. அடியில் "ஹபானோஸ் எஸ். ஏ.", "ஹெச்சோ என் கூபா" (கியூபாவில் செய்தது), "தொதால்மென்தே ஆ மானோ" (முழுக்கக் கையால்) ஆகிய மூன்றும் சூட்டுக் கம்பியால் அச்சிட்டிருக்கும். விரலால் தடவினால் பள்ளம் தெரிய வேண்டும்; மையால் அச்சடித்து வழுவழுவென்று இருந்தால் விட்டுவிடுங்கள். மூன்றெழுத்துக் குறியும் தேதியும் மட்டும் மைமுத்திரைதான், குழம்பாதீர்கள். கண்ணாடி மூடி வைத்த கொய்பா பிராண்டுப் பெட்டியை யார் எங்கே காட்டினாலும் போலி.

திறந்ததும் நிறத்தைப் பாருங்கள். தொழிற்சாலையில் நிறம் பிரிப்பவர் ஒரு வரிசையில் கருமையானதை இடப்புறமும் வெளிறியதை வலப்புறமும் வைத்துப் படிப்படியாக அடுக்குவார். தலைகள் ஒரே மட்டத்தில் நிற்கும். கறுப்பும் பழுப்பும் மாறி மாறி இருந்தால் யாரோ இடையில் மாற்றி வைத்திருக்கிறார்கள்.

இன்னொன்று: எடிசியோன் லிமிதாதா (குறைந்த அளவில் வருபவை), எடிசியோன் ரெஹியோனல் (ஒரு பகுதிக்கென்று வருபவை) ஆகியவற்றுக்கு இந்த ஒற்றை ஒற்றையாகச் சோதிக்கும் முறை ஒத்துவராது. நீங்கள் மூன்று பிடித்து முடிப்பதற்குள் பெட்டி விற்றுப்போய்விடும். உங்கள் மூன்றும் வழக்கமான உற்பத்தி. அவசரமே இல்லை.

25-க்கு முன் ஒரு படி வேண்டும் என்றால் 10 கொண்ட பெட்டி கிடைக்கிறதா என்று கேளுங்கள். எபிக்யூரும் பர்தகாஸும் அப்படி வருவதுண்டு. இல்லையென்றால் ஐந்து பேர் சேர்ந்து 25-ஐ ஆளுக்கு ஐந்தாகப் பிரித்துக்கொள்வது. ஒரே பெட்டியிலிருந்து ஐந்து கிடைப்பதால் ஒற்றையாக வாங்கும் எதையும்விட இது நம்பகமானது. முத்திரை கிழியும் முன் பெட்டியின் அடியைப் படமெடுத்து எல்லோருக்கும் அனுப்புங்கள், திறந்த உடனே மேல் வரிசையையும் படமெடுங்கள். பிரிக்கும்போது இடப்பக்கத்திலிருந்து ஐந்து, அடுத்து ஐந்து என்று வெட்டாதீர்கள். அப்படிச் செய்தால் ஒருவருக்குக் கருமையானதெல்லாம், இன்னொருவருக்கு வெளிறியதெல்லாம் போகும். சீட்டு விளையாட்டில் போடுவதுபோல ஆளுக்கு ஒன்றாகச் சுற்றிக் கொடுங்கள்.