விலை மாறியும் இரு பதிவுகளும் ஒன்றே என்று வருகிறது – அவசரம்

சரக்கறை: வணக்கம். ஒரு பொருளின் விலையை 120-இலிருந்து 150 ஆக மாற்றிச் சேமிப்பதற்கு முன், பழைய பதிவைத் தரவுத்தளத்திலிருந்து எடுத்துப் புதியதோடு ஒப்பிடுகிறேன். இரண்டும் ஒன்றே என்று விடை வருகிறது. நாளைக் காலைக்குள் முடித்தாக வேண்டும்.

முகில்: எந்தக் கட்டமைப்பு என்று சொல்லவில்லையே. பதிவை எப்படி எடுக்கிறீர்கள், எதைக் கொண்டு ஒப்பிடுகிறீர்கள்?

இரவுப்பணி: இது கேஷ் (பழைய விடையைச் சேமித்து வைத்துத் தரும் தற்காலிக நினைவகம்) செய்யும் வேலையாகத்தான் இருக்கும். அதற்கு ரெடிஸ் என்ற மென்பொருளைப் பயன்படுத்தினால், அதை ஒருமுறை காலி செய்து பாருங்கள். நாங்கள் இப்படித்தான் இரண்டு நாள் அலைந்தோம்.

சரக்கறை: பைதான் மொழியின் இணையக் கட்டமைப்பான ஜாங்கோ. ரெடிஸ் இல்லை. பிகே (முதன்மைச் சாவி, அதாவது ஒவ்வொரு பதிவுக்கும் உரிய தனி அடையாளம்) கொடுத்து, ஒரே ஒரு பதிவை எடுக்கும் கெட் மூலம் எடுத்து, இரட்டைச் சமக்குறியால் (==) ஒப்பிடுகிறேன்.

மூத்தபைதான்: பதிவுகளை ஒப்பிடுவதற்கென்றே ஜாங்கோ ஆவணத்தில் தனிப் பகுதி இருக்கிறது, அதை வாசிக்காமல் இங்கே வந்து நிற்பது வழக்கமாகிவிட்டது. சமக்குறி விலை போன்ற புலங்களைப் பார்ப்பதே இல்லை. இரண்டும் ஒரே மாடலை (பதிவின் வடிவத்தை வரையறுக்கும் வகுப்பை) சேர்ந்தவையா, முதன்மைச் சாவி ஒன்றா என்பதை மட்டுமே பார்க்கும். விலை 1,500 ஆனாலும் அது அதே பொருள்தான்.

முகில்: ஐயா சொன்னது சரி, கடுமைதான் தேவையில்லை. இன்னும் சேமிக்கப்படாத, சாவியே இல்லாத இரண்டு பதிவுகளில் எல்லாப் புலங்களும் ஒத்திருந்தாலும் அவை வெவ்வேறு என்றே வரும். ஆகவே புலம் புலமாக ஒப்பிடுங்கள்.

இரவுப்பணி: கெட்டை விட, ஃபில்டரால் வடிகட்டியபின், முதல் பதிவை மட்டும் தரும் ஃபர்ஸ்ட் போடுவதே பாதுகாப்பு. பதிவு இல்லையென்றால் None (ஏதுமில்லை என்ற மதிப்பு) கிடைக்கும், நிரல் விழாது.

மூத்தபைதான்: விழ வேண்டிய இடத்தில் விழுவதுதான் பாதுகாப்பு. பதிவு இல்லையென்றாலும், ஒன்றுக்கு மேல் இருந்தாலும் கெட் பிழை எழுப்பும். ஃபர்ஸ்ட் இரட்டைப் பதிவுகளைச் சத்தமில்லாமல் மறைத்துவிடும்.

இரவுப்பணி: பிகே கொடுத்துத் தேடும்போது இரண்டாவது பதிவு எங்கிருந்து வரும்?

சரக்கறை: புலம் புலமாக ஒப்பிட்டேன். இப்போது விலையைத் தொடாதபோதும் மாறிவிட்டதாக வருகிறது.

முகில்: படிவத்தில் வந்த விலையை அப்படியே மாடலில் ஏற்றியிருப்பீர்கள். அது எழுத்துச் சரம். தரவுத்தளத்திலிருந்து வருவது டெசிமல் என்ற எண் வகை. ஏற்றுவதால் மட்டும் வகை மாறிவிடாது. மதிப்புகளைச் சரிபார்த்து உரிய வகைக்கு மாற்றும் ஃபுல்_கிளீனை அழைத்தபின் ஒப்பிடுங்கள். மாடலிலிருந்தே படிவத்தை உருவாக்கும் மாடல்ஃபார்ம் பயன்படுத்தினால், மாறிய புலங்களின் பெயர்களை அதன் சேஞ்ச்ட்_டேட்டாவே தந்துவிடும்.

சரக்கறை: சரியாகிவிட்டது. நன்றி.

மூத்தபைதான்: இரண்டாவது பதிவு வராது என்று தெரிந்தபின், ஃபர்ஸ்ட் எதற்கு என்றுதான் நானும் கேட்கிறேன்.