புதுப்பிப்பு: அம்மாவுடன் சிங்கப்பூர் போவதற்கான ஆவணங்கள்

கோலாலம்பூரிலிருந்து அம்மாவையும், தமிழ்நாட்டிலிருந்து வந்திருக்கும் சித்தியையும் இரவுப் பேருந்தில் சிங்கப்பூருக்கு அழைத்துப்போக என்னென்ன வேண்டும் என்று கேட்டிருந்தேன். பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. போய்த் திரும்பிவிட்டோம்.

அம்மாவின் கடப்பிதழில் ஆறு மாத ஆயுள் மிச்சமில்லை, புதுப்பித்தோம். 60 வயது கடந்தவர்களுக்குக் கட்டணம் 100 ரிங்கிட்தான், வழக்கமான கட்டணம் 200. மலேசிய அடையாள அட்டையான மைகாட் சிங்கப்பூருக்குள் நுழையச் செல்லாது.

அடுத்தது சிங்கப்பூர் வருகை அட்டை. வந்து சேருவதற்கு முன், அந்த நாளையும் சேர்த்து மூன்று நாள்களுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். முற்றிலும் இலவசம். பணம் கேட்கும் தளங்கள் தேடலில் முதலில் வந்து பல்லைக் காட்டும். சிங்கப்பூர் குடிநுழைவு ஆணையத்தின் சொந்தத் தளத்துக்கே போங்கள். பேருந்து நள்ளிரவைத் தாண்டி சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் எல்லைச் சோதனைச் சாவடியைச் சேர்ந்தால், வருகை நாள் மறுநாள்தான். புறப்படும் தேதியைப் போட்டுவிடாதீர்கள்.

சித்திக்கு இந்தியக் கடப்பிதழ் என்பதால் சிங்கப்பூர் விசா முன்கூட்டியே எடுத்தோம். திரும்பும்போது மலேசிய மின்னியல் வருகை அட்டையும் அவர் மீண்டும் நிரப்ப வேண்டும். மலேசியர்களுக்கு அது தேவையில்லை. இதை யாருமே சொல்லவில்லையே, ஐயா!