மாரிக்கு முதல் ஊர் மீட்புக் குழு: இருக்கிற கயிறும் வள்ளமும் போதுமோ?

முரசுமோட்டை12
நாங்கள் 12 பேர் சேர்ந்து ஒரு குழு தொடங்கியிருக்கிறம். கிளிநொச்சி இரணைமடுக் குளத்தின்ர வான்கதவு திறந்து கனகராயன் ஆறு பெருகினால் பன்னங்கண்டி, ஊரியான், எங்கட பக்கம் எல்லாம் தண்ணி. 2018 டிசெம்பர் மாதிரி திரும்ப வந்தால் கடற்படை வள்ளம் வந்துசேரும்வரை ஊராக்கள்தான் பார்க்கவேணும். கையில இருக்கிறது: 18 அடி பைபர் வள்ளம், 15 குதிரைவலு எஞ்சின், லைஃப் ஜக்கெற் 8, நைலோன் கயிறு 100 மீற்றர். நல்லா நீந்துறவர் 7 பேர். அதில ஒருவருக்கு இடுப்பில கயிறு கட்டி இறக்கி ஆளைப் பிடிக்கிறதுதான் இப்போதைய திட்டம். என்ன குறை?

துருசடி
முதல் குறை அந்த இடுப்புக் கயிறுதான். ஓடுற தண்ணியில கயிறு இறுகினால் ஆள் மிதக்கமாட்டார், தண்ணி முதுகில ஏறிக் கீழே அமுக்கும். கரையில நிக்கிறவை பதறி இழுக்க இழுக்க இன்னும் தாழுவார். நனைஞ்சு இறுகின முடிச்சை அந்த நேரம் அவிழ்க்கவும் ஏலாது.

கரையில நிண்டு தடி நீட்டுறது முதல். எட்டாட்டில் கயிறு எறியிறது, அதுக்குப் பிறகு வள்ளம். நீந்திப் போறது கடைசி.

எறிபை, அதாவது கயிறு திணிச்சு எறியிற பை, நீங்களே தைக்கலாம். கன்வஸ் துணியில ஒரு முழ நீளப் பை, அடியில உள்ளங்கையளவு றிஜிபோம் (தெர்மோகோல்) துண்டு, 10 மில்லிமீற்றர் மிதக்கிற கயிறு 20 மீற்றர். கயிற்றின்ர ஒரு நுனியைப் பையின்ர அடியோட முடிஞ்சுபோட்டு, மிச்சத்தைச் சுருட்டாமல் கைபோன போக்கில திணியுங்கோ. சுருட்டி வைச்சால் எறியேக்க சிக்கும். மற்ற நுனி உங்கட கையில: வெறுமனே பிடிக்கிறது, மணிக்கட்டில சுத்துறேல்ல. முதலில "கயிறு!" எண்டு கத்தி அவர் திரும்பிப் பார்க்கவைச்சு, தலைக்கு மேலால போய் விழ எறியுங்கோ. அவர் பிடிச்சதும் குந்தி இருந்து காலை ஊண்டுங்கோ. இழுக்கத் தேவையில்லை, தண்ணியே ஆளை வளைச்சுக் கரைக்குக் கொண்டுவரும். அவர் வந்து ஒதுங்கிற இடத்தில மூங்கில் பத்தையோ முட்கம்பி வேலியோ இருந்தால் நிக்கிற இடத்தை முன்னமே மாத்துங்கோ.

முதல் எறி தவறினால் திரும்பத் திணிக்க நேரமில்லை. அதனால 10 மீற்றர் கீழ்ப்பக்கம் (தண்ணி போற பக்கம்) இன்னொருவர் பையோட நிக்கவேணும். மேல்பக்கம் (தண்ணி வாற பக்கம்) ஒருவர் மரக்கட்டை வருதோ எண்டு பார்க்கிறதுக்கு மட்டும். அவர் வேடிக்கை பார்க்க இந்தப் பக்கம் வரக்கூடாது.

அணியம்
வள்ளத்துக்கு மூண்டு விசயம். ஓட்டத்துக்குக் குறுக்கே நேராகப் பிடிச்சால் பக்கத்தில தண்ணி ஏறிக் கவிழும். அணியத்தை (வள்ளத்தின்ர முன்பக்கத்தை) மேல்பக்கம் சரிச்சு, 30 முதல் 45 பாகையில வைச்சு எஞ்சினைக் கொடுத்தால் வள்ளம் தானாகக் குறுக்கே நகரும். வயலுக்குள்ள எஞ்சினைத் தூக்கிவிட்டுத் தடி ஊண்டுங்கோ, வரம்பும் வேலிக்கம்பியும் எஞ்சின் காத்தாடியைத் தின்னும். வான்கதவுக்குக் கீழே கிட்டப் போகவே வேண்டாம். அங்க தண்ணி பின்னால சுழலும், விழுந்த தேங்காய்கூட வெளியே வராமல் அதிலேயே உருளும்.

ஹெல்மெற் எண்டு மோட்டார்சைக்கிள் ஹெல்மெற் போடாதேங்கோ, தண்ணி நிறைஞ்சு கழுத்தை இழுக்கும். சைக்கிள் ஹெல்மெற் நல்லது. கம்பூட்சும் அப்பிடித்தான், கன்வஸ் சப்பாத்து போதும்.

முரசுமோட்டை12
நன்றி. ஆத்துக்குக் குறுக்கே கயிறு கட்டி ஆக்களைப் பிடிச்சு வரச்சொல்லலாமோ?

துருசடி
நேர்குறுக்கே கட்டினால் நடுவில வில்லாக வளையும், ஆள் அந்த வளைவில மாட்டிக்கொண்டு நிப்பார். கட்டத்தான் வேணுமெண்டால் சரிவாக, புறப்படுற கரை மேல்பக்கம், சேருற கரை கீழ்ப்பக்கம், ஓட்டத்துக்கு 45 பாகையளவில. எண்டாலும் வள்ளம் இருக்கேக்க இது வேண்டாத வேலை.

தாம்போதியில (தண்ணி மேலால பாயிற தாழ்ந்த றோட்டில) தண்ணி ஓடேக்க உழவு மெசினில (ட்ராக்டரில) ஆக்களை ஏத்திக் கடக்கிறதையும் மறியுங்கோ. வேகம் இரண்டு மடங்கானால் தள்ளுவிசை நாலு மடங்கு. மெசின் நிண்டாலும் பின்னால பெட்டி மிதந்து திரும்பும்.

வரம்பு
ஒருவரும் சொல்லாத ஒண்டு: கட்டில்லாத கிணறு. தண்ணி மூடினால் வளவுக்குள்ள எது கிணறு, எது முத்தம் எண்டு தெரியாது. இப்பவே கிராம அலுவலரோட போய் ஒவ்வொரு கட்டில்லாக் கிணற்றுக்கும் உயரமான தடியில சிவப்புத் துணி கட்டுங்கோ. வெள்ளத்துக்குள்ள நடக்கிறவர் தடியால முன்னுக்குத் தட்டித் தட்டித்தான் கால் வைக்கவேணும்.

மிதிவெடி எச்சரிக்கைப் பலகையும் வெடியும் வெள்ளத்தில இடம் மாறும், தெரியாத பொருளைத் தொடவேண்டாம். எலிக்காய்ச்சல் தடுப்பு மாத்திரையை மாரிக்கு முதலே பொதுச் சுகாதாரப் பரிசோதகரிட்டைக் கேளுங்கோ. அனர்த்த முகாமைத்துவ இலக்கம் 117, அம்புலன்ஸ் 1990. வள்ளத்தில பெயின்ரால எழுதிவிடுங்கோ.

முரசுமோட்டை12
எங்கட கயிற்றில ஒரு துண்டை வாளித் தண்ணியில போட்டுப் பார்த்தம். தாழுது.

துருசடி
அப்ப அது எறியிறதுக்கு இல்லை, வள்ளம் கட்ட வைச்சிருங்கோ. முல்லைத்தீவில வலைச்சாமான் கடையில மிதக்கிற பொலிபுரொப்பிலின் கயிறு 80 மீற்றர் எடுத்தால் பை நாலு வரும். பழகிறதுக்கு இடுப்பளவு தண்ணி ஓடுற வாய்க்கால் போதும். 5 லீற்றர் கானை அரைவாசி நிரப்பி மிதக்கவிட்டு, 12 மீற்றரில இருந்து எறியுங்கோ. பத்துக்கு எட்டு விழாதவரை கரைக் கயிற்றுக்கு விடாதேங்கோ.