உழாத பழைய இடத்துல மெட்டல் டிடெக்டர் ஓட்டலாமா?

செல்லாக்காசு:
டிடெக்டர் வாங்கி ஆறு மாசம் ஆச்சு, கிடைச்சதெல்லாம் ஆணி, பாட்டில் மூடி, கேன் வளையம். இப்ப பழைய மேப்பைப் பாத்து ஒரு இடம் புடிச்சிருக்கேன், ஒரு காலத்துல ஜனங்க குடியிருந்து மொத்தமா காலி பண்ணிட்டுப் போன இடம், இப்ப வெறும் புதரும் மேடும்தான், ஏரே படாத மண்ணு. ஓனர் சரின்னுட்டாரு. போலாம்ல?

மண்ணடுக்கு:
வேணாங்க. ஓனர் சரின்னா மட்டும் போதாது, பல நாட்டுல பழம்பொருளுக்குத் தனிச் சட்டம் இருக்கு, அதை முதல்ல பாருங்க.

குழிவண்டு:
வந்துட்டாருய்யா. ப்ரோ, நம்ம கையில இருக்கறது சாதாரண விஎல்எஃப் (ரொம்பக் குறைஞ்ச அலைவரிசை) மிஷின், ஒத்தக் காசுன்னா ஒரு சாண் ஆழம் எடுத்தாலே பெரிசு. அந்த மேல் மண்ணை ஏர் எத்தனை தடவை புரட்டிப் போட்டிருக்கும்? அதுல என்ன வரலாறு மிச்சம் இருக்கு, விட்டா உரத்துலயும் ஈரத்துலயும் அரிச்சு பச்சைப் பொடியாத்தான் போகும், நாங்க எடுத்தா காசாவது மிஞ்சும்.

மண்ணடுக்கு:
உழுத நிலம்னா நீங்க சொல்றதுல பாதி சரி, ஒத்துக்கறேன். ஆனா அவரு கேட்டது ஏரே படாத இடம், அதைப் படிச்சீங்களா? அங்க புல்லுக்குக் கீழயே அடுக்கு ஆரம்பிச்சுடும், இடிஞ்ச சுவரு, விழுந்த கூரை, அதுக்கடியில தரை. தரைக்கு அடியில ஒரு காசு மாட்டியிருந்தா, அந்தக் காசு அடிச்சதுக்கு முன்னாடி அந்தத் தரை போட்டிருக்கவே முடியாதுன்னு அடிச்சு சொல்லலாம். நீங்க குழி போட்டு எடுத்தா காசு கைக்கு வரும், தரையோட வயசு போச்சு. உங்க ஒரு சாண் மிஷினுக்கு அந்த ஒரு சாணே ஜாஸ்தி.

குழிவண்டு:
சரி, ஆராய்ச்சிக்காரங்க எப்ப வந்து தோண்டுவாங்க, நம்ம பேரன் காலத்துலயா? 1992ல இங்கிலாந்துல ஹாக்ஸ்ன் புதையல், கிட்டத்தட்ட 15,000 ரோமானியக் காசு, கண்டுபிடிச்சது டிடெக்டர் வச்சிருந்த ஒரு சாதா மனுஷன்தான்.

மண்ணடுக்கு:
அந்தக் கதையை முழுசா சொல்லுங்க அண்ணே. அவரு தேடிப் போனது விவசாயி தொலைச்ச சுத்தியலை (அந்த சுத்தியலும் இப்ப பிரிட்டிஷ் மியூசியத்துல இருக்கு, அது வேற கதை). காசு வர ஆரம்பிச்சதும் கொஞ்சத்தோட நிறுத்திட்டு தகவல் சொல்லிட்டாரு, அதனாலதான் மீதியை முறையா எடுத்தாங்க, மரப்பெட்டி மக்கிப்போயிருந்தாலும் உள்ள எது எந்தப் பக்கம் அடுக்கியிருந்துச்சுன்னு தெரிஞ்சுது. அதே நாட்டுல 2015ல ஹெர்ஃபர்ட்ஷயர்ல ரெண்டு பேரு வைக்கிங் காலப் புதையலை எடுத்துட்டு மூச்சே விடல, சுமார் 300 காசுன்னு சொல்றாங்க, திரும்ப மீட்டது பத்துல ஒரு பங்குதான், 2019ல ஜெயில்.

குழிவண்டு:
திருட்டுப் பசங்களையும் எங்களையும் ஒரே தட்டுல வைக்காதீங்க சார். நான் எடுக்கற ஒவ்வொண்ணுக்கும் ஜிபிஎஸ் குறிச்சு ஆழம் எழுதி வச்சிருக்கேன், ஒண்ணைக்கூட வினிகர்ல போட்டு தேய்ச்சதில்ல.

மண்ணடுக்கு:
அப்ப இந்த விஷயத்துல நம்ம ரெண்டு பேருக்கும் சண்டையே இல்லயே. அந்த நோட்டை ஆராய்ச்சிக்காரங்ககிட்ட காட்டுங்க, உழுத நிலத்துல அடுக்கு போனாலும் எங்க எவ்வளவு சிதறிக் கிடக்குங்கறதே பெரிய தகவல். ஒரே குறை, நீங்கல்லாம் இரும்பை டிஸ்கிரிமினேஷன்ல (வேண்டாத உலோகத்துக்கு சத்தம் வராம பண்ற செட்டிங்) கட் பண்ணிடுவீங்க, வீடு எங்க இருந்துச்சுன்னு சொல்றதே அந்த ஆணிதான்.

செல்லாக்காசு:
அப்ப மேட்டை விட்டுடறேன். பக்கத்துல உழுத வயல் ஒண்ணு இருக்கு, சட்டம் என்னன்னு விசாரிச்சுட்டு அந்த ஓனரைக் கேக்கறேன். இரும்பையும் கட் பண்ணாம ஓட்டிப் பாக்கவா?

குழிவண்டு:
ஓட்டு ராசா, ஹெட்போன் சவுண்டை மட்டும் குறைச்சு வச்சுக்கோ, அரை மணி நேரத்துல காது கிழிஞ்சுடும்.