டோக்கன்ஸ் ஃபைலை எடுத்து வைத்தால் விண்டோஸ் ஆக்டிவேஷன் தங்குமா?

பனங்காடு:
விண்டோஸ் 7-இலிருந்து 10-க்கு மாறும் முன் உரிமத் தகவல் இருக்கும் டோக்கன்ஸ்.டாட் (tokens.dat) ஃபைலைப் பென் டிரைவில் எடுத்து வைத்தால் போதும், ஆக்டிவேஷன் (விண்டோஸ் உரிமம் பெற்றது என்ற சரிபார்ப்பு) எங்கும் போகாது என்று ஒருவர் காணொளியில் அடித்துச் சொல்கிறார். கீழே வரிசையாக 'நன்றி ஐயா'. எரிச்சலாக இருக்கிறது. 10-இன் டிஜிட்டல் உரிமம் மைக்ரோசாஃப்ட் சர்வரில், உங்கள் மதர்போர்டின் (கணினியின் முதன்மைப் பலகை) அடையாளத்தோடு பதிவாகியிருக்கிறது. டிஸ்கைத் துடைத்துவிட்டு அதே எடிஷனை (ஹோம் அல்லது ப்ரோ) போட்டு இணையத்தில் இணைத்தால் தானாக ஆக்டிவேட் ஆகும். ஃபைல் எதற்கு?

கடைக்காரன்:
எதற்கா? கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்துப் பிழைப்பவன் நான். அந்த ஃபைலை எடுத்து வைத்து, புதிதாக இன்ஸ்டால் செய்து, திரும்பப் போட்டேன். ஆக்டிவேட் ஆனது. கண்ணால் கண்டவனுக்குப் பாடம் நடத்த வேண்டாம்.

பனங்காடு:
எதிலிருந்து எதற்கு மாற்றினீர்கள்? 7-ஐ அழித்து மறுபடியும் 7-ஐத்தானே போட்டீர்கள்? அதுவும் கம்பெனியே விண்டோஸ் போட்டு விற்ற கணினியாக இருந்திருக்கும். அவற்றின் பயாஸிலேயே (மதர்போர்டில் பதிந்திருக்கும் தொடக்க மென்பொருள்) ஸ்லிக் என்ற உரிம அட்டவணை உண்டு. அது இருப்பதால்தான் உங்கள் ஃபைலுக்கு மதிப்பு. அதே ஃபைலை வேறு மதர்போர்டில் போட்டுக் காட்டுங்கள், மாலை போடுகிறேன்.

கடைக்காரன்:
மதர்போர்டைப் பற்றி யார் கேட்டது? ஃபைல் வேலை செய்ததா, இல்லையா? செய்தது.

அச்சகத்தார்:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர் மென்பொருளும் பழைய தமிழ் எழுத்துருக்களும் 7-இல்தான் ஒழுங்காக ஓடுகின்றன. 2016-இல் இலவசமாக 10-க்கு மாறிவிட்டு மறுபடியும் 7-க்கு வந்தேன். மீண்டும் 10 போட்டால் பணம் கட்ட வேண்டுமா?

பனங்காடு:
வேண்டாம். ஒருமுறை 10 ஆக்டிவேட் ஆன கணினி அது. ஹோம் இருந்த இடத்தில் ஹோம், ப்ரோ இருந்த இடத்தில் ப்ரோ போடுங்கள். கீ (உரிம எண்) கேட்டால் 'என்னிடம் கீ இல்லை' என்பதை அழுத்தி மேலே செல்லுங்கள். முடிந்ததும் எஸ்எல்எம்ஜிஆர் கட்டளையோடு எக்ஸ்பிஆர் சேர்த்து (slmgr /xpr) ஓட்டினால் சிறிய பெட்டி ஒன்று வரும். அதில் நிரந்தரமாக ஆக்டிவேட் ஆகிவிட்டது என்று இருந்தால் வேலை முடிந்தது. புதிதாக 7 கீயைக் கொண்டு 10-ஐ ஆக்டிவேட் செய்ய நினைப்பவர்களுக்குத்தான் சிக்கல். அந்த வழியை 2023 செப்டம்பரில் மூடிவிட்டார்கள். கவனியுங்கள், இதில் எங்கும் டோக்கன்ஸ் ஃபைல் வரவில்லை.

கடைக்காரன்:
அச்சகத்தாரே, எதற்கும் அந்த ஃபைலை எடுத்து வையுங்கள்.

பனங்காடு:
எதற்கும் என்றால் எதற்கு? 7-இல் அது நெட்வொர்க் சர்வீஸ் ஃபோல்டருக்குள் கிடக்கும். 10-இல் சிஸ்டம்32-க்குள் எஸ்பிபி ஃபோல்டரில். இடமே வேறு, உள்ளடக்கமும் வேறு. செவிடன் காதில் சங்கு ஊதுகிறேன்.

பென்குயின் பிரியன்:
லினக்ஸில் ஆக்டிவேஷனே கிடையாது. இன்னுமா 7? 2020 ஜனவரி 14-ஆம் தேதியே அதற்குக் காரியம் முடிந்துவிட்டது.

அச்சகத்தார்:
10-க்கும் 2025 அக்டோபர் 14-இல் ஆதரவு நின்றுவிட்டது, தெரியும். லினக்ஸில் பேஜ்மேக்கர் ஃபைலைத் திறந்து கல்யாணப் பத்திரிகை அடித்துத் தருவீர்களா? நாளைக்குள் வேண்டும்.

பென்குயின் பிரியன்:
பேஜ்மேக்கரைப் பிடித்துத் தொங்குகிறவர்களோடு பேசிப் பயனில்லை.

கடைக்காரன்:
அதை விடுங்கள். பயாஸ் அப்டேட் பற்றிய பேச்சிலும் இந்தப் பனங்காட்டார் இப்படித்தான் எல்லாரையும் மட்டம் தட்டினார். அன்றைக்கு நான் கேட்ட கேள்விக்கு இன்றுவரை பதில் இல்லை.

பனங்காடு:
அன்று நீங்கள் கேட்டது கேள்வியே அல்ல, வசை. இன்றைக்காவது கேள்விக்கு வாருங்கள். மதர்போர்டை மாற்றினால் டிஜிட்டல் உரிமம் அறுந்துபோகும். அதற்காகத்தான் 2016-இல் வந்த விண்டோஸ் 10-இன் 1607 பதிப்பிலிருந்து உரிமத்தை மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைக்கும் வசதி கொடுத்தார்கள். ஃபைலை நகலெடுத்தால் போதும் என்றால் அந்த வசதியை ஏன் கொடுக்கிறார்கள்?

கடைக்காரன்:
அதை மைக்ரோசாஃப்டிடம் கேளுங்கள். என் கடையில் ஆக்டிவேட் ஆனது.

பனங்காடு:
7-இலிருந்து 7-க்கு!

கடைக்காரன்:
ஆனதா, இல்லையா?