ஜியோ (புவிநிலை) சாட்டிலைட் லிங்கில் முன்களத் தலைமையக நெட்வொர்க்: 4 எம்பிபிஎஸ் இருந்தும் 870 கேபிபிஎஸ்தான் வருகிறது, ஏன்?

அலைவரிசை72:
முன்களத் தலைமையகத்துக்கான மாதிரி நெட்வொர்க் ஒன்றை ஆய்வகத்தில் கட்டியிருக்கிறோம். வரிசை இதுதான்: ரெட் பக்க (மறையாக்காத தரவு) ரூட்டர், ஐபிசெக் என்கிரிப்டர் (பாக்கெட்டுகளை மறையாக்கும் பெட்டி), பிளாக் பக்க (மறையாக்கிய தரவு) ரூட்டர், மோடம். நடுவில் சாட்டிலைட்டுக்குப் பதிலாக 4 எம்பிபிஎஸ் வேகம், 600 மில்லிசெகண்ட் ஆர்டிடி (போய்த் திரும்பும் நேரம்) வைத்த எமுலேட்டர். ஸ்விட்சுகளை மையமாக இயக்கும் எஸ்டிஎன் கன்ட்ரோலர் பின்தளத்தில்.

ஒற்றைக் கோப்பு அனுப்பினால் 870 கேபிபிஎஸ்ஸைத் தாண்டுவதில்லை. பிங் போகிறது, லாகின் ஆகிறது, ஆனால் பெரிய பக்கம் திறந்தால் அப்படியே நின்றுவிடுகிறது. லிங்க் அறுந்தால் சற்று நேரத்தில் முன்கள ஸ்விட்சுகளில் பிராட்காஸ்ட் புயல் (எல்லோருக்குமான பாக்கெட்டுகள் முடிவின்றிச் சுற்றிப் பெருகுவது). மோடமில் உள்ள டிசிபி வேகமூட்டியை ஆன் செய்தும் பலனில்லை. எங்கிருந்து தொடங்குவது?

செம்புக்கம்பி:
870 என்ற எண்ணே காரணத்தைச் சொல்லிவிடுகிறது. ஒப்புகை வருமுன் டிசிபி அனுப்பக்கூடிய அளவுதான் விண்டோ; அதன் அடிப்படை உச்சவரம்பான 65,535 பைட்டை பிட்டாக்கி 0.6 செகண்டால் வகுத்தால் 874 கேபிபிஎஸ். அதாவது அந்த வரம்பைப் பெரிதாக்கும் விண்டோ ஸ்கேலிங் வேலை செய்யவில்லை. 4 எம்பிபிஎஸ்ஸை நிரப்ப ஒரே நேரத்தில் சுமார் 300 கிலோபைட் வழியில் இருக்க வேண்டும். 64 கிலோபைட் அனுப்பிவிட்டு ஒப்புகைக்காகக் காத்திருந்தால் லிங்க் சும்மாதான் கிடக்கும்.

இரு முனைகளிலும் ரெட் பக்கத்தில் பாக்கெட் பிடித்து, இணைப்பைத் தொடங்கும் எஸ்ஒய்என் பாக்கெட்டுகளில் விண்டோ ஸ்கேல் ஆப்ஷன் இருக்கிறதா பாருங்கள். அனுப்பியபோது இருந்தது சேரும்போது இல்லை என்றால், நடுவில் ஒரு ஃபயர்வால் அதை உரித்தெடுக்கிறது. ஆப்ஷன் ஒழுங்காகவே போய்ச் சேர்ந்தால், செயலி தன் சாக்கெட் பஃபரை (இணைப்புக்கான தற்காலிக நினைவகம்) 64 கிலோபைட் என்று கட்டி வைத்திருக்கும். லினக்ஸில் அப்படி ஒரு முறை அமைத்துவிட்டால் தானியங்கிச் சரிசெய்தல் அந்த இணைப்புக்கு நின்றுவிடும். செயலியில் பஃபரை அமைக்கும் அந்த வரியை நீக்கினாலே போதும்.

பெரிய பக்கம் நிற்பது எம்டியூ (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு) சிக்கல். டன்னல் முறை ஈஎஸ்பி (ஐபிசெக்கின் மறையாக்க உறை) 50 பைட்டுக்கு மேல் சேர்க்கிறது. பிளாக் பக்கத்தில் "பாக்கெட் பெரிது" என்று வரும் ஐசிஎம்பி செய்தியை என்கிரிப்டர் ரெட் பக்கத்துக்கு விடாது, விடவும் கூடாது. ஆகவே அனுப்புபவருக்குத் தகவலே போவதில்லை. ரெட் ரூட்டரின் வெளி இன்டர்ஃபேஸில் எம்டியூ 1400, எம்எஸ்எஸ் (ஒரு டிசிபி பாக்கெட்டில் போகும் தரவின் உச்ச அளவு) 1360 வையுங்கள். சோதிக்க, டிஎஃப் பிட் (பாக்கெட்டை உடைக்காதே என்ற குறி) போட்டு 1372 பைட் பிங். தலைப்பு 28 பைட் சேர்ந்து 1400 ஆகும். எம்எஸ்எஸ் டிசிபிக்கு மட்டும்தான். யூடிபி வீடியோ இருந்தால் செயலியிலேயே பாக்கெட் அளவைக் குறையுங்கள்.

பரவளையம்:
மோடம் வேகமூட்டி பற்றி: அது டிசிபி தலைப்பைப் படித்து, தானே ஒப்புகை அனுப்பி வேலை செய்வது. என்கிரிப்டருக்குப் பின்னால் வரும் ஈஎஸ்பி பாக்கெட்டில் அதற்குப் படிக்க எதுவுமில்லை. வேண்டுமென்றால் இரு முனையிலும் ரெட் பக்கத்தில் தனிப் பெட்டி வைக்க வேண்டும். அதற்கு முன் அனுப்பும் சர்வரில் பிபிஆர் என்ற டிசிபி வேகக் கட்டுப்பாட்டு முறையை முயலுங்கள். லினக்ஸ் கெர்னல் 4.9 முதல் இருக்கிறது, பெறும் பக்கத்தில் எதையும் மாற்ற வேண்டாம். மழையால் பாக்கெட் இழந்தால் வழக்கமான முறையான கியூபிக் அதை நெரிசல் என்று எடுத்துக்கொண்டு வேகத்தைக் குறைக்கும். பிபிஆர் அவ்வளவு எளிதில் பின்வாங்காது.

குரல் அழைப்பையும் இப்போதே கணக்கில் எடுங்கள். ஜி.729 குரல் கோடெக், 20 மில்லிசெகண்ட் பாக்கெட் என்றால் ஐபி அளவில் 24 கேபிபிஎஸ். ஏஇஎஸ்-ஜிசிஎம் மறையாக்கம் கொண்ட ஈஎஸ்பிக்குள் போனால் பாக்கெட் 60 பைட்டிலிருந்து 116 ஆகி, 46.4 கேபிபிஎஸ்ஸைத் தொடும். 60 மில்லிசெகண்ட் பாக்கெட்டாக மாற்றினால் 20.8தான். தாமதம் 40 மில்லிசெகண்ட் கூடும், ஒரு பாக்கெட் போனால் ஓர் அசையே போகும். ஆனாலும் ஜியோ லிங்கில் இந்த விலை கொடுக்கத் தகும். குரலுக்கு முன்னுரிமை கேட்கும் டிஎஸ்சிபி 46 குறியை என்கிரிப்டர் வெளித்தலைப்புக்கு நகலெடுக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் பிளாக் ரூட்டருக்குக் குரலும் கோப்பும் ஒன்றுதான்.

முனைக்கணு:
மூன்றாவது சிக்கல் வடிவமைப்பிலேயே இருக்கிறது. உங்கள் ஸ்விட்ச் ஓபன் விஸ்விட்ச் (மென்பொருள் ஸ்விட்ச்) என்றால் ஃபெயில் மோடைப் பாருங்கள்; கன்ட்ரோலர் தொடர்பு போனால் என்ன செய்வது என்ற அமைப்பு அது. எதுவும் குறிப்பிடாவிட்டால் ஸ்டாண்ட்அலோன். கன்ட்ரோலர் தொடர்பு போனதும் சாதாரண மேக் கற்கும் ஸ்விட்சாக மாறிவிடும். மாற்றுப்பாதைக்கென்று போட்ட வளையத்தில் பாக்கெட்டுகள் சுற்றத் தொடங்கும், அதுதான் உங்கள் புயல். செக்யூர் என்று மாற்றினால் ஏற்கெனவே உள்ள ஃப்ளோக்கள் (எந்தப் பாக்கெட் எங்கே போக வேண்டும் என்ற விதிகள்) மாறாமல் இருக்கும்.

அதோடு முடியாது. புதிய ஃப்ளோ ஒவ்வொன்றும் முதல் பாக்கெட்டைச் சாட்டிலைட் தாண்டிக் கன்ட்ரோலருக்கு அனுப்பினால் அதற்கே 600 மில்லிசெகண்ட். ஃப்ளோக்களை முன்கூட்டியே இறக்கி வையுங்கள், முடிவெடுக்கும் சிறு கன்ட்ரோலரை முன்களத்திலேயே வையுங்கள், பின்தளத்திலிருந்து கொள்கை மட்டும் வரட்டும்.

நிர்வாக வழியைத் தனி விஆர்எஃப்பில் (ரூட்டருக்குள் பிரித்த தனி ரூட்டிங் அட்டவணை), தனிச் சான்றிதழோடு பிரியுங்கள். 2022 பிப்ரவரி 24 அன்று கேஏ-சாட் சாட்டிலைட் இணைய நெட்வொர்க்கின் மீது நடந்த தாக்குதலில் சாட்டிலைட்டை யாரும் தொடவில்லை. தவறாக அமைக்கப்பட்ட ஒரு விபிஎன் கருவி வழியாக நிர்வாகப் பிரிவுக்குள் புகுந்து, முறையான நிர்வாகக் கட்டளைகளாலேயே பல்லாயிரம் மோடம்களின் ஃபிளாஷ் நினைவகத்தைக் கெடுத்தார்கள். ஜெர்மனியில் சுமார் 5,800 காற்றாலைகளின் தொலைக்கண்காணிப்பும் அதோடு போயிற்று. ஒரே கட்டளையில் எல்லா மோடம்களையும் மாற்றும் அதிகாரம் எந்தக் கணக்குக்கும் வேண்டாம்; தொகுதி தொகுதியாகத்தான் இறக்க வேண்டும்.

தொலைவிலுள்ள ரூட்டரில் எதை மாற்றினாலும், உறுதிசெய்யாவிட்டால் 10 நிமிடத்தில் பழையபடி திரும்பும் டைமரோடு மாற்றுங்கள். மோடம் மீண்டும் சிக்னல் பிடிக்க ஆகும் நேரத்தை அளந்து, டைமர் அதைவிட நீளமா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். குறைவாக இருந்தால் சரியான மாற்றத்தையும் அது திருப்பிப் போட்டுவிடும்.